கணக்குன்னாலே பயமா? காலண்டர், கோலம், கதைப்புத்தகம் போதும்... வீட்டிலேயே கணிதத்தை விளையாட்டாக்குவது எப்படி?

வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மாத காலண்டரை எடுங்கள். அதில் ஒன்பது தேதிகள் அடங்குவது மாதிரி, மூன்றுக்கு மூன்றாக ஒரு சதுரம் போடச் சொல்லுங்கள் உங்கள் பிள்ளையிடம். நீங்கள் பார்க்கக் கூடாது. சதுரத்தின் முதல் தேதி என்ன என்று மட்டும் கேளுங்கள். 8 என்று சொன்னால், ஒன்பது தேதிகளையும் கூட்டினால் 144 வரும் என்று நீங்கள் உடனே சொல்லிவிடலாம். பிள்ளை பேப்பரும் பேனாவும் எடுத்துக் கூட்டிப் பார்க்கும். 8, 9, 10, 15, 16, 17, 22, 23, 24. மொத்தம் 144!

எப்படி? முதல் தேதியோடு 8-ஐக் கூட்டி 9-ஆல் பெருக்கினால் வேலை முடிந்தது. சதுரத்தின் நடுவில் இருப்பது 16. அதைவிட 8 குறைவு ஒரு மூலையில், 8 அதிகம் எதிர் மூலையில். இப்படியே ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு ஜோடி இருக்கிறது. ஏறுவதும் இறங்குவதும் சமமாகிவிட, மிஞ்சுவது ஒன்பது பதினாறுகள்தான்.

"இதெல்லாம் மேஜிக் ஷோ, இதுல கணக்கு எங்க இருக்கு?" என்று கேட்கலாம். இதில் இருப்பது சராசரி. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு இதுவே அல்ஜீப்ரா. பாடப்புத்தகத்தில் "சராசரி காண்க" என்று வரும்போது கொட்டாவி விடும் அதே குழந்தை, இங்கே "எப்படிப்பா கண்டுபிடிச்ச?" என்று பின்னாலேயே வரும். அந்தக் கேள்வியை வரவழைப்பதுதான் விஷயம்.

நங்கநல்லூர் மாதிரியான சென்னைப் புறநகரில் டியூஷன் போர்டுக்குப் பஞ்சமில்லை. அபாகஸ், வேதிக் மேத்ஸ், ஒலிம்பியாட் கோச்சிங் எல்லாம் இருக்கிறது. அப்படியிருந்தும் மூன்றாம், நான்காம் வகுப்பு வரும்போதே "எனக்குக் கணக்கு வராது" என்று குழந்தைகள் சொல்ல ஆரம்பிப்பது ஏன்? படப் புத்தகமும் கையால் செய்து பார்க்கும் விளையாட்டும் இதை மாற்றுமா? விரிவாகப் பார்க்கலாம்.

பிரச்னை எவ்வளவு பெரியது?

நாடு முழுக்க கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்புத் திறனையும் கணக்குத் திறனையும் சோதிக்கும் 'அசர்' ஆய்வின் 2024 அறிக்கைப்படி, ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் சாதாரண வகுத்தல் கணக்கைச் சரியாகச் செய்தவர்கள் 30.7 சதவீதம்தான். 2022-ல் இது 25.6 சதவீதம். கொஞ்சம் முன்னேற்றம் இருக்கிறது. ஆனாலும் பத்தில் ஏழு பேருக்கு வகுத்தல் வரவில்லை என்பதுதான் நிலைமை. இது கிராமப்புறக் கணக்கு என்பதால் நகரத்துப் பெற்றோர் நிம்மதி அடையலாம் என்று நினைக்க வேண்டாம். நகரத்தில் பிள்ளைகள் விடையைச் சரியாகப் போட்டுவிடுவார்கள். ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்டால் "மிஸ் அப்படித்தான் சொன்னாங்க" என்பதுதான் பதிலாக வரும்.

2005-ல் வந்த தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்புக்காக கணிதம் கற்பித்தல் பற்றி ஒரு குழு தனி அறிக்கை கொடுத்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர்.ராமானுஜம். பள்ளிக் கணிதத்தின் முதல் பிரச்னையாக அந்த அறிக்கை சொன்னதே பயத்தையும் தோல்வி உணர்வையும்தான். கணக்குப் போடத் தெரிவதைவிட, எதையும் கணிதமாக யோசிக்கப் பழகுவதே முக்கிய நோக்கமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதன் பிறகு வந்த என்.சி.இ.ஆர்.டி-யின் 'மேத் மேஜிக்' புத்தகங்கள் படமும் கதையுமாக மாறின. ஐந்தாம் வகுப்பின் முதல் பாடமே மீன்களைப் பற்றிய கதைதான். இப்போது அவற்றின் இடத்தில் 'ஜாய்ஃபுல் மேத்தமேடிக்ஸ்', 'மேத்ஸ் மேளா' என்ற புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன.

யார் இந்த பி.கே.எஸ்.?

மேலே சொன்ன காலண்டர் விளையாட்டை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. காலண்டரை மட்டுமே வைத்துக்கொண்டு ஒரு முழு கணிதப் புத்தகம் எழுதிய ஆசிரியர் சென்னையில் இருந்தார். பெயர் பி.கே.சீனிவாசன். 1924 நவம்பர் 4-ல் பிறந்தவர். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இடையில் அமெரிக்காவிலும் நைஜீரியாவிலும் பணியாற்றிவிட்டு வந்தார். 'நம்பர் ஃபன் வித் எ காலண்டர்', 'ரோம்பிங் இன் நம்பர்லேண்ட்' ஆகியவை அவருடைய புத்தகங்கள். ஆங்கிலம், தமிழ், தெலுங்கு மூன்றிலும் எழுதினார். 2005 ஜூன் 20-ல் மறைந்தார்.

கணித மேதை ராமானுஜனைப் பற்றி இன்று நமக்குக் கிடைக்கும் பல நினைவுக் குறிப்புகளுக்கும் கடிதங்களுக்கும் இவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ராமானுஜனை நேரில் அறிந்தவர்களைத் தேடித் தேடிச் சேகரித்து, 1968-ல் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அதை வெளியிட்டது பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. முத்தியால்பேட்டை பள்ளியின் 'நம்பர் ஃப்ரண்ட்ஸ் சொசைட்டி'! ஒரு பள்ளிக்கூடத்தின் எண் நண்பர்கள் சங்கம் செய்த வேலை இன்றும் உலகம் முழுக்க ராமானுஜன் ஆய்வாளர்களால் மேற்கோள் காட்டப்படுகிறது.

1993-ல் ராயபுரத்தில் அவ்வை கலைக் கழக வளாகத்தில் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் தொடங்கப்பட்டபோது அதை உருவாக்கி நடத்தியவரும் இவர்தான்.

பி.கே.எஸ். வழியில் முக்கியமான ஒன்று, விடையைச் சொல்லிவிடக் கூடாது. காலண்டரில் இரண்டுக்கு இரண்டாக ஒரு சதுரம் எடுங்கள். உதாரணமாக 10, 11, 17, 18. குறுக்கே பெருக்கினால் 10×18 = 180, 11×17 = 187. வித்தியாசம் 7. வேறு சதுரம் எடுத்தாலும் 7. வேறு மாதம் எடுத்தாலும் 7. "ஏன் எப்பவும் 7?" என்று குழந்தை கேட்கும்போது, வாரத்துக்கு ஏழு நாள் என்பதில் விடை ஒளிந்திருக்கிறது என்று கோடி காட்டினால் போதும். வாரத்துக்கு எட்டு நாள் என்று ஒரு கற்பனை காலண்டர் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த அரை மணி நேரம் செல்போனைக் கேட்காது.

130 வருஷத்துக்கு முன்பே மெட்ராஸில் ஒரு பேப்பர் புத்தகம்

கையால் செய்து கணிதம் படிப்பது ஏதோ இப்போது வெளிநாட்டில் இருந்து இறக்குமதியான ஃபேஷன் என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் டி.சுந்தர ராவ். பேப்பரை மடித்தே ஜியோமெட்ரி படிப்பது எப்படி என்று இவர் எழுதிய புத்தகம் 1893-ல் மெட்ராஸில் அடிசன் கம்பெனியில் அச்சானது. கிண்டர்கார்ட்டன் குழந்தைகளுக்கான காகித மடிப்புப் பெட்டியைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று முன்னுரையில் சொல்கிறார். ஜெர்மனியின் பெரிய கணித அறிஞர் பீலிக்ஸ் கிளைன் இந்தப் புத்தகத்தைக் குறிப்பிட்டு எழுத, அது அமெரிக்கப் பேராசிரியர்கள் கண்ணில் பட்டு, 1901-ல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. மெட்ராஸில் அச்சான ஒரு கணிதப் புத்தகம் இத்தனை காலம் உயிரோடு இருப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் நம்ம ஊர் பாடப்புத்தகங்களில் அவர் பெயரைப் பார்ப்பது அபூர்வம்.

மடிப்பில் என்ன கணிதம் இருக்க முடியும்? ஒரு சதுரக் காகிதத்தை எடுங்கள். நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடியுங்கள். சின்ன சதுரம் ஒன்று கிடைக்கும். பழைய சதுரத்தில் இது எவ்வளவு என்று கேளுங்கள். நிறைய குழந்தைகள் "கால்" என்பார்கள். பெரியவர்களும்தான். இப்போது காகிதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் இரண்டு அடுக்கு. அப்படியென்றால் பரப்பு சரியாகப் பாதி. பரப்பு பாதியானது, ஆனால் பக்கம் பாதி ஆகவில்லையே? அளந்து பார்த்தால் 10 செ.மீ. சதுரத்துக்கு 7 செ.மீ-க்குக் கொஞ்சம் மேலே வரும். அந்த "கொஞ்சம் மேலே"யில்தான் வர்க்கமூலம் இரண்டு உட்கார்ந்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் அது வரும்போது பழைய நண்பன் மாதிரி இருக்கும்.

இன்னொன்று. எப்படி வேண்டுமானாலும் ஒரு முக்கோணம் வெட்டுங்கள். நீளமான பக்கம் கீழே இருக்கட்டும். மேல் முனையை அதற்கு நேர் கீழே அடிப்பக்கத்தைத் தொடும்படி மடியுங்கள். மடிப்புக் கோடு அடிப்பக்கத்துக்கு இணையாக இருக்க வேண்டும். பிறகு இடது, வலது முனைகளையும் அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். மூன்று கோணங்களும் ஒரு நேர்கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் பொருந்தி நிற்கும். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரி என்பது இனி மனப்பாடம் செய்ய வேண்டிய வரி இல்லை, கையில் இருக்கிறது.

மரியா மாண்டிசோரிக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1939-ல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் இங்கே வந்தவர், உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. பத்து மணிகள் கோத்த ஒரு கம்பி, பத்து கம்பிகள் சேர்ந்த நூறு, நூறுகளை அடுக்கிய ஆயிரம் என்று தொட்டு எடை பார்த்து எண்ணைப் புரிந்துகொள்ளும் அவருடைய முறையில் இங்கே ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். மணி வாங்க வசதி இல்லையா? புளியங்கொட்டையும் தீப்பெட்டியும் போதும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும் 'மேத்ஸ் கிட்' எதையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

கோலத்தில் கணக்கு

நங்கநல்லூர் தெருக்களில் மார்கழி மாதம் நடந்தால் வாசலுக்கு வாசல் ஒரு கணித வகுப்பு. 1, 3, 5, 7, 5, 3, 1 என்று நேர்ப்புள்ளி வைத்த கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி? ஒவ்வொன்றாக எண்ணினால் 25. எண்ணாமல் சொல்ல முடியுமா? 1+3+5+7 = 16, அதாவது 4×4. மிச்சம் 5+3+1 = 9, அதாவது 3×3. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் எப்போதும் வர்க்க எண் வரும் என்பதை வாசலில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கலாம். இடுக்குப்புள்ளியில் 4, 5, 6, 7, 6, 5, 4 என்றால் 37. இதற்கு வேறு கணக்கு. அதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

நங்கநல்லூரில் இருந்து சில ரயில் நிலையங்கள் தாண்டினால் தாம்பரம். அங்கே உள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-ல் கோலத்தையும் கணினி அறிவியலையும் இணைத்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பது போல கோலத்துக்கும் இலக்கண விதிகள் எழுத முடியும், அந்த விதிகளை வைத்து கணினி கோலத்தை உருவாக்க முடியும் என்பது அதன் சாரம். கையை எடுக்காமல் ஒரே இழையில் சிக்குக் கோலம் போட முடியுமா, எத்தனை இழை வேண்டும் என்பதெல்லாம் இன்றும் கணித ஆராய்ச்சிக் கேள்விகள். இதைச் சொன்னால் கோலம் போடும் பாட்டிமார்களுக்கு வீட்டில் மரியாதை கொஞ்சம் கூடும்.

தாயக்கட்டையும் அப்படித்தான். பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம். வெறும் பக்கம், 1, 2, 3. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. ஆக 4×4 = 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது 1, விழ இரண்டே வழி. 12 விழ ஒரே வழி. 3 விழ மட்டும் நான்கு வழி. 80 தடவை உருட்டி எழுதி வைக்கச் சொல்லுங்கள். தாயம் 10-ஐ ஒட்டியும், 12 ஐந்தை ஒட்டியும், 3 இருபதை ஒட்டியும் வரும். மிகவும் விலகி வந்தால் கட்டை ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்! "தாயம் போட்டாத்தான் ஆட்டமே ஆரம்பம், ஆனா விழவே மாட்டேங்குது" என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது நிகழ்தகவு.

பல்லாங்குழியில் 14 குழி. குழிக்கு 5 காய் என்றால் 70. இந்தக் குழியில் இருந்து எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும் என்று எடுப்பதற்கு முன்பே சொல்லச் சொல்லுங்கள். மீதி காணும் கணக்கு அதற்குள் இருக்கிறது.

படப் புத்தகம் எப்படி உதவும்?

கையால் தொடுவதற்கும் நோட்டில் எழுதுவதற்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. அதுதான் படம். முதலில் செயல், பிறகு படம், அதன் பிறகு குறியீடு என்ற வரிசையை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் முன்வைத்தார். சிங்கப்பூர் பள்ளிகள் இதைப் பிடித்துக்கொண்டுதான் தங்கள் கணிதப் பாடத்தை அமைத்தன. நாம் பெரும்பாலும் முதல் இரண்டையும் தாண்டி நேராக மூன்றாவதில் குதித்துவிடுகிறோம்.

நல்ல கணிதப் படப் புத்தகம் எப்படி இருக்கும் என்பதற்கு ஜப்பானிய ஓவியர் மிட்சுமாசா அன்னோவின் எண்ணும் புத்தகம் சிறந்த உதாரணம். வார்த்தையே இல்லாத கதை. முதல் படத்தில் பனி மூடிய வெற்று நிலம். அதுதான் பூஜ்யம்! அடுத்த பக்கத்தில் ஒரு வீடு, ஒரு மரம். பக்கம் திரும்பத் திரும்ப ஊர் வளர்ந்துகொண்டே போகிறது. "இதுல எத்தனை?" என்று யாரும் கேட்கவில்லை. குழந்தையே எண்ண ஆரம்பிக்கிறது.

நம்ம ஊரிலும் இருக்கிறது. சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்ட 'ஒன், டூ, ட்ரீ!' புத்தகத்தில் கோண்ட் பழங்குடி ஓவியர் துர்கா பாய் வரைந்த விலங்குகள் ஒரு மரத்தில் ஒவ்வொரு எண்ணிக்கையாக ஏறிக்கொண்டே போகும். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழில் நிறைய படக்கதைகள் இலவசம். செல்போனிலேயே படிக்கலாம். அங்கே உள்ள பிரியாணிக் கதை ஒன்றில், சிலருக்கு மட்டும் போதுமான சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்துக்கே பிரியாணி செய்ய வேண்டிய நெருக்கடி குழந்தைகளுக்கு வருகிறது. விகிதம் என்ற வார்த்தை தெரியாத வயதிலேயே விகிதம் புரிந்துவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உப்புமாவுக்கு ரவையும் தண்ணீரும் அளக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' சிறுவர் இதழ் 1987-ல் இருந்து வருகிறது. 'குப்பையில் இருந்து பொம்மை' புகழ் அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் பி.கே.எஸ். புத்தகங்கள் உட்பட ஏராளமானவற்றை இலவசமாக டவுன்லோடு செய்யலாம்.

படப் புத்தகம் படிக்கும்போது பெற்றோர் செய்யும் ஒரு தவறு, அதைப் பரீட்சையாக்குவது. "எத்தனை குருவி? சீக்கிரம் சொல்லு" என்று ஆரம்பித்தால் அதுவும் இன்னொரு பாடப்புத்தகம்தான். "இந்தப் படத்துல உனக்கு என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

நமக்கே கணக்கு வராதே, என்ன செய்ய?

இதற்கு ஆய்வு ஒன்று நல்ல செய்தி சொல்கிறது. 2015-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்த கட்டுரை இது. சிகாகோ பகுதியில் முதல் வகுப்புக் குழந்தைகள் 587 பேரின் குடும்பங்களுக்கு டேப்லெட் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு தூங்கும் முன் படிக்க குட்டிக் குட்டி கணிதக் கதைகளையும், மற்றவர்களுக்கு சாதாரண வாசிப்புக் கதைகளையும் கொடுத்தார்கள். வருஷக் கடைசியில் கணிதக் கதை படித்த குழந்தைகள் முன்னேறியிருந்தார்கள். அதிகம் பலன் அடைந்தது யார் தெரியுமா? கணக்கைக் கண்டால் பயப்படும் பெற்றோரின் பிள்ளைகள். அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வு, பயப்படும் பெற்றோர் ஹோம்வொர்க்கில் அடிக்கடி உதவினால் பிள்ளைகளின் கணிதம் பின்தங்குவதாகச் சொன்னது. ஹோம்வொர்க் மேசையில் பதற்றம் தொற்றிக்கொள்கிறது, கதையில் அது இல்லை என்றுதான் இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது. "உங்க அப்பாவுக்கும் கணக்கு வராது, ரத்தத்துலயே இல்ல" என்று சொல்வதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள், ப்ளீஸ்.

தமிழில் சொன்னால் எளிதா?

ஒரு விஷயத்தில் ஆமாம். இங்கிலீஷ் மீடியம் குழந்தைக்கு லெவன், ட்வெல்வ் என்பவை தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய பெயர்கள். தமிழில் பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும். இருபத்து மூன்று என்றால் இரண்டு பத்தும் மூன்றும். இடமதிப்பு பெயருக்குள்ளேயே இருக்கிறது. தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டும்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

பின்னங்களில் தமிழ் இன்னும் அழகு. எட்டில் ஒன்றுக்குப் பெயர் அரைக்கால். காலில் அரை! பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவது ஒரே வார்த்தையில் முடிந்துவிட்டது. பதினாறில் ஒன்று மாகாணி, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. திண்ணைப் பள்ளிக் குழந்தைகள் எண்சுவடியில் இதையெல்லாம் ஒப்பித்தார்கள். அந்த மனப்பாட முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு தோசையைக் கால், அரைக்கால் என்று பிய்த்துக்காட்டி, தமிழ்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னால் வகுப்பில் 1/8 வரும்போது குழந்தைக்கு ஒரு பிடி கிடைக்கும்.

பள்ளிகள் என்ன செய்கின்றன?

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் ஒரு பெரிய மாற்றம் தொடங்கியது. அப்போதைய ஆணையர் எம்.பி.விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியைப் பார்த்து செயல்வழிக் கற்றல் முறையை இங்கே கொண்டுவந்தார். 13 பள்ளிகளில் ஆரம்பித்து, மாநகராட்சிப் பள்ளிகள் முழுக்கப் பரவி, 2007-08-ல் மாநிலம் முழுக்கச் சென்றது. தரையில் உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, தன் வேகத்தில் ஏணிப்படி ஏறும் குழந்தைகள், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. அந்த நாட்களில் மற்ற மாநில அதிகாரிகள் சென்னைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காலப்போக்கில் பல இடங்களில் அட்டையை முடிப்பதே வேலையாகிப் போனது என்ற விமர்சனமும் வந்தது. அது நியாயமான விமர்சனம்தான்.

கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூன் 13-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலைக்கு ஏற்றபடி செயல்பாடுகள். பிறகு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. உங்கள் பிள்ளை தனியார் பள்ளியில் படித்தாலும் அரசுப் பள்ளியின் அந்தப் பயிற்சி நூல்களைப் புரட்டிப் பார்க்கலாம், தப்பில்லை.

விளையாட்டு மட்டும் போதுமா?

போதாது. இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் செய்து 2025-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் கடையில் வேலை செய்யும் குழந்தைகள் சிக்கலான விலைக் கணக்கை மனதிலேயே போட்டுச் சரியாகச் சில்லறை கொடுக்கிறார்கள். ஆனால் அதே மாதிரிக் கணக்கைப் பள்ளிக்கூட பாணியில் எழுதிக் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளியில் மட்டும் படிக்கும் குழந்தைகளுக்கோ எதிர்மாறாக, சந்தைக் கணக்கு வரவில்லை. அதாவது கையில் இருக்கும் கணக்கு தானாக நோட்டுக்கு வந்துவிடாது, நோட்டில் இருப்பது கைக்கும் வராது. நடுவில் ஒருவர் பாலம் போட வேண்டும்.

அந்தப் பாலம் பேச்சுதான். காகிதம் மடித்து முடித்ததும் "என்ன கவனிச்ச?" என்று கேளுங்கள். அதை அவர்கள் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். பிறகு படமாக வரையட்டும். கடைசியில் எண்ணாக எழுதட்டும். இந்தக் கடைசிப் படி இல்லாமல் கலர் பேப்பரும் கம்முமாக முடிந்தால் அது கைவேலைப் பீரியட்தான், கணக்கு இல்லை. அபாகஸ் வகுப்புக்கும் இது பொருந்தும். வேகமாகக் கூட்டுவது நல்ல திறமை, ஆனால் எதை, ஏன் கூட்ட வேண்டும் என்று யோசிப்பது வேறு.

இந்த வாரமே செய்து பார்க்க...

நங்கநல்லூர் ஆஞ்சநேயர் சிலை ஒரே கல்லில் 32 அடி. உங்கள் பிள்ளை 4 அடி என்றால், தோள் மேல் தோளாக இல்லாமல் தலைக்கு மேல் கால் வைத்து எத்தனை பேர் நின்றால் ஆஞ்சநேயர் உயரம் வரும்? எட்டு. அப்படியே வெளியே வந்து, தெருவில் ஒரு விளக்குக் கம்பத்தின் உயரத்தை ஏறாமலே அளக்கச் சொல்லுங்கள். ஒரு அடி ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்தால் நிழல் அரை அடி விழுகிறது, அதே நேரத்தில் கம்பத்தின் நிழல் 10 அடி என்றால் கம்பம் 20 அடி. வெயிலுக்கா நம்ம ஊரில் பஞ்சம்?

பழவந்தாங்கல் ஸ்டேஷனில் காத்திருக்கும்போது அடுத்த ரயிலுக்கு எத்தனை நிமிடம் என்று கழிப்பது, தில்லை கங்கா நகரில் நம்பர் போட்ட தெருக்களில் ஒற்றைப்படைத் தெருவில் மட்டும் நடந்து போக முடியுமா என்று பார்ப்பது எல்லாம் இதே ரகம்தான்.

வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் வருகிறதா? அவர்களுக்காக ஒரு மாயச் சதுரம் செய்து கொடுக்கலாம். பிறந்த தேதியை நான்கு எண்களாகப் பிரியுங்கள். தேதி அ, மாதம் ஆ, வருடத்தின் முதல் பாதி இ, அடுத்த பாதி ஈ.

முதல் வரிசை: அ, ஆ, இ, ஈ
இரண்டாவது: ஈ+1, இ−1, ஆ−3, அ+3
மூன்றாவது: ஆ−2, அ+2, ஈ+2, இ−2
நான்காவது: இ+1, ஈ−1, அ+1, ஆ−1

14-08-2016 என்றால் முதல் வரிசை 14, 8, 20, 16. அடுத்து 17, 19, 5, 17. அதன் கீழ் 6, 16, 18, 18. கடைசியில் 21, 15, 15, 7. எந்த வரிசையை, எந்த நெடுவரிசையை, எந்த மூலைவிட்டத்தைக் கூட்டினாலும் 58. ராமானுஜன் பிறந்த 22-12-1887-ஐப் போட்டால் எல்லாப் பக்கமும் 139 வரும். ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களிலேயே முதல் அத்தியாயம் மாயச் சதுரங்களைப் பற்றியதுதான். அவர் பிறந்த டிசம்பர் 22, 2012-ல் இருந்து தேசிய கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஜனவரி, பிப்ரவரியில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தச் சதுரத்தில் மைனஸ் எண் வந்துவிடும். பயப்பட வேண்டாம், "பூஜ்யத்துக்குக் கீழே என்ன இருக்கு?" என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லீவு நாளில் வெளியே போகலாம் என்றால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அதன் பக்கத்திலேயே பெரியார் அறிவியல் மையமும் பிர்லா கோளரங்கமும். ராயபுரம் ராமானுஜன் அருங்காட்சியகத்துக்கு பழவந்தாங்கலில் இருந்து பீச் ரயில் பிடித்து, அங்கிருந்து ஒரு ஆட்டோவில் போய்விடலாம். கிளம்பும் முன் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.